செவ்வாய்க்கிழமை தபால்தலைச் சங்கம்

நாற்பதடிக் காற்றாடிக் கம்பத்தின் உச்சியில், அரையடிப் பலகையில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு வேலை செய்வான் நெவில் ட்ரெம்பாத். கூரிலா வட்டாரத்தில் எந்தப் பண்ணையில் காற்றாடிப் பம்பு நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். உயரத்தில் நிற்பதில் அவனை அடிக்க ஆளில்லை. தரையில் நிற்பதில்தான் தகராறு. அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அவனைக் குடிகாரன் என்று யாரும் சொன்னது கிடையாது. எங்கள் ஊரில் அந்தப் பட்டம் லேசில் கிடைக்காது. பாரில் நாலு பேர் சேர்ந்து நின்றால், ஒவ்வொருத்தனும் தன் முறைக்கு நாலு பேருக்கும் வாங்கித் தர வேண்டும். தன் முறை வருவதற்குள் நழுவுகிறவன் கஞ்சப்பயல். ஐந்தாவதாக ஒருத்தன் வந்து சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து கோப்பை. இதில் எவன் குடிகாரன், எவன் மரியாதை தெரிந்தவன் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? நெவ் ரொம்ப மரியாதை தெரிந்தவன். ஐந்தாவது ஆள் வரவில்லையென்றால் வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவான்.

அந்த மரியாதை ஜனவரி மாதம் சந்தி சிரித்தது. அவனுடைய ஒரே மகள் லினெட்டுக்கு இருபத்தோரு வயது. இருபத்தோரு வயது விருந்தில் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசி, பிள்ளை கையில் ஒரு மரச்சாவியைக் கொடுக்க வேண்டும். இனி வீட்டுக்கு எந்த நேரமும் வரலாம், போகலாம் என்று அர்த்தம். நெவ் அந்தச் சாவியை மூன்று வாரம் உட்கார்ந்து தானே இழைத்திருந்தான். பேச வேண்டியதை மதியத்திலிருந்து பாரில் ஒத்திகை பார்த்தான். ஒத்திகை பலமாகிவிட்டது. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து ஊர் கால்பந்துக் கிளப்புக்குப் போய்விட்டான். அங்கேயும் ஒரு பெண்ணுக்கு இருபத்தோராம் பிறந்தநாள். கிரகசாரம்.

மேடையேறிப் பேசினான். பிறந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினாள் என்றான். அழுதான். இரண்டு கிழவிகள் சேர்ந்து அழுதார்கள். அந்தப் பெண்ணின் உண்மையான அப்பாவே வந்து கட்டிப்பிடித்து, இவ்வளவு நன்றாக என்னால் பேசியிருக்க முடியாது என்று முதுகில் தட்டினார். கேக் வெட்டும்போதுதான் அந்தப் பெண்ணுக்குத் தலைமுடி சிவப்பாக இருப்பதை நெவ் கவனித்தான். அதற்குள் சாவி கை மாறிவிட்டது.

ஊரே மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை இது. தன் விருந்து நடந்த தீயணைப்பு நிலையக் கூடத்தில் லினெட் அப்பாவுக்காக எவ்வளவு நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவன் மனைவி டல்சி கத்துகிற ரகமில்லை. கத்தியிருந்தால் நெவ் பிழைத்துப்போயிருப்பான். மறுநாள் காலை முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"இனி ஒரு தடவை உன் வண்டி லென் பாஸ்கோ பார்ல நிக்கறத நான் பாத்தேன்னா, எங்க அக்கா வீட்டுக்கு அடிலெய்டு போயிடுவேன். திரும்பி வர மாட்டேன். உன்ன மெரட்டறதுக்காகச் சொல்லல நெவ். தெரிஞ்சு வச்சுக்கோன்னு சொல்றேன்."

"டல்ஸ், நான் இனிமே..."

"சத்தியம் பண்ணாத. இதுவரைக்கும் பதினொன்னு ஆச்சு. முட்ட ஆறுது, சாப்பிடு."

நெவ் அவள் சொன்ன வார்த்தையை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான். மூன்று வாரம் வண்டியை பார் பக்கம் கொண்டுபோகவேயில்லை. பாட்டில் வாங்கிவந்து கொட்டகையில் வைத்துக் குடித்தான். வண்டி வீட்டில்தானே நிற்கிறது.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு பண்ணையில் காற்றாடி உச்சியில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது, கை நடுங்கியது. காலையில்தான். ஸ்பேனர் நழுவி நாற்பதடி விழுந்து, கீழே படுத்திருந்த அவன் நாய் பிஷப்பின் வாலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. தரையில் ஆடுவது வேறு, மேலே ஆடுவது வேறு. தரை ஆட்டத்தை அவன் என்றுமே ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. காற்றாடியின் வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தான். பிஷப் கீழேயிருந்து குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய்விட்டது. இறங்கி வந்ததும், உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வைக்கோல் விற்பனைக்கும் காணாமல்போன கிடாரிக்கும் நடுவில் வரும், குடியை நிறுத்த வேண்டுமா என்று கேட்கும் இரண்டு வரி விளம்பரத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வருஷக்கணக்காக அவன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த விளம்பரம்தான்.

வீட்டிலிருந்து பேச முடியாது. தபால் நிலைய வாசல் தொலைபேசிப் பெட்டிக்குள் புகுந்து, கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சுழற்றினான். அடிலெய்டில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு நண்பனுக்காகக் கேக்கறேன்" என்றான்.

"சொல்லுங்க. நண்பர் எந்த ஊரு?"

"கூரிலா. ஆனா கூரிலாவுல வேணாம். அவனுக்கு வெளியூர்தான் சரிப்படும். எவ்வளவு தூரமா இருந்தாலும் பரவால்ல, வண்டி இருக்கு."

"கூரிலாவுலயே கூட்டம் நடக்குதே. செவ்வாக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி. மாதர் சங்கக் கூடம், பின்வாசல்."

"அது தபால்தலை சேக்கறவங்க கூட்டமாச்சே."

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்படியா" என்றாள் அவள். "உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, தபால்தலை எதுவும் கொண்டுவர வேண்டாம்னு."

நெவ் தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றான். அந்தத் தபால்தலைக் கூட்டத்தைப் பத்து வருஷமாகக் கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் அவன். வேலைவெட்டி இல்லாத பசைநக்கிகள் என்று பேர் வைத்ததே அவன்தான்.

டல்சியிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாவது சத்தியம் போலத்தான் இருக்கும். போய்ப் பார்த்து, ஒன்றும் சரிப்படாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தான்.

இனிதான் அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய மாட்டான். வெள்ளை பிக்கப், ஒரு கதவு மட்டும் நீலம், பின்னால் சரக்குத் தட்டில் பிஷப். அதை மாதர் சங்கக் கூடத்தின் முன்னால் நிறுத்தினால், எதிர்க் கசாப்புக் கடைக்காரன் பார்ப்பான், ஆறு மணிக்குள் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்துவிடும், நெவ் ட்ரெம்பாத் பசைநக்கிகளோடு சேர்ந்துவிட்டான் என்று. இன்னும் தோண்டினால், குடியை நிறுத்தப் பார்க்கிறான் என்பதும். மானம் போய்விடும். யாருக்கும் சந்தேகம் வராத இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட இடம் ஊரில் ஒன்றுதான் உண்டு. இருபது வருஷமாக அந்த வண்டி நின்ற இடம். லென் பாஸ்கோ பாரின் பக்கவாட்டு முற்றம்.

டல்சி சொன்னது அவனுக்கு ஞாபகம் வராமலில்லை. அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஏழு மணிவரை வேலை, அதற்குள் வண்டியை எடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சலவைக்கூடத்துக் கொதிகலன் அன்றைக்கென்று பார்த்து நாலரை மணிக்கு மண்டையைப் போடும் என்று அவனுக்கு யார் சொல்வது?

பிஷப்பைத் தட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஓடைப்பக்கமாக இறங்கி, ஒரு வேலியைத் தாண்டி, கால்சட்டையைக் கொஞ்சம் கிழித்துக்கொண்டு, கூடத்தின் பின்வாசலுக்கு வந்தான். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். எவனாவது பார்த்துக் கேட்டால் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்ல. சட்டைப்பையிலிருந்து மூன்று பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். குடித்திருக்கவில்லை, மனிதர்கள் முகத்தில் விழிக்கிறதென்றால் கை தானாக அந்தப் பைக்குப் போய்விடும்.

கதவைத் திறந்தால் நேரெதிரே ஹெட்விக் நோஸ்கே உட்கார்ந்திருக்கிறார்.

கூரிலா பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முப்பத்திரண்டு வருஷம். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொருத்தன் உள்ளங்கையும் அவருடைய பிரம்பைத் தெரிந்துவைத்திருக்கும். நெவ் தன்னை அறியாமல் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"உள்ள வா நெவில். கதவைச் சாத்து, ஈ வருது."

"மிஸ், கூரைக் குழாய் அடைச்சிருக்குன்னு சொன்னாங்க. அதப் பாக்க வந்தேன்."

"அடைச்சுதான் இருக்கு. ரொம்ப வருஷமா அடைச்சிருக்கு. மொதல்ல உக்காந்து டீ குடி."

ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டீக்கெண்டி, தேங்காய்த்துருவல் ஒட்டிய கேக். இழவு வீடு மாதிரி இருக்கும், ஆளாளுக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பார்கள் என்று நெவ் கற்பனை செய்திருந்தான். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் திரும்பினால் கிளெம் ரூடால். கால்பந்து அம்பயர். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலிமேல் சாய்ந்துகொண்டு நெவ் வாய்க்கு வந்தபடி திட்டிய ஆள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கேக்கை மென்றார்கள்.

அந்த அறையில் பேசியது வெளியே போகக்கூடாது என்பது விதி. பின்னே உனக்கு எப்படித் தெரியும் என்று என்னை முறைக்க வேண்டாம். பேசியவர்களே பிற்பாடு ஊரறியச் சொல்லிவிட்டார்கள். கிளெம் மட்டும் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் சொன்னான். ஏன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

முதலில் நோஸ்கே மிஸ் பேசினார். அவருடைய மேஜைமேல் பன்னிரண்டு வருஷம் இருந்த பிளாஸ்க்கில் இருந்தது டீயே இல்லையாம், இனிப்பு ஒயினாம். ஒருநாள் கல்வித்துறை அதிகாரி சோதனைக்கு வந்தவர், தொண்டை வறண்டிருக்கிறது, ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டாராம். வேறு வழியில்லாமல் ஊற்றிக் கொடுத்தாராம். அதிகாரி ஒரு வாய் குடித்தார், மிஸ்ஸைப் பார்த்தார், கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் என்றார். அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு மிகச் சிறந்தது என்று சான்றிதழ்.

அறை அதிரச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அவர் பல் எப்படி இருக்கும் என்று நெவ் அன்றைக்குத்தான் பார்த்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே, அடுத்த வருஷம் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு பையனை ஆற்றங்கரையில் மறந்து விட்டுவிட்டு வந்ததையும் சொன்னார். அவன் பிழைத்ததே வேறொருத்தர் புண்ணியம் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. நெவ் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டான்.

அடுத்து கிளெம். குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மூணு வருஷம் நான் தெளிவா ஒரு ஆட்டமும் நடத்தல. விசில் ஊதறப்ப எந்தப் பக்கம் கோல் கம்பம்னே தெரியாது. எழுபத்திநாலாம் வருஷ இறுதி ஆட்டம் ஞாபகமிருக்கா? அந்தக் கடைசிக் கோல்..." காலணி நுனியைத் தரையில் தேய்த்தான். "அது கோலே இல்ல. நெவ் வேலியிலேர்ந்து கத்தினான் பாருங்க, அதுதான் நெசம்."

நெவ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"நான் சொன்னேன்ல? ஒம்போது வருஷமா சொல்லிட்டு இருக்கேன். ஒரு நாயும் நம்பல."

"நீ சொன்னது சரிதான் நெவ்."

"கம்பத்துக்கு வெளியதானே போச்சு?"

"ரெண்டடி வெளிய."

நெவ்வுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. ஒரு சொட்டு உள்ளே போகாமல் இப்படிக் கிறுகிறுத்தது அவனுக்கு விவரம் தெரிந்து அதுதான் முதல் தடவை. கூரிலாவின் சரித்திரத்திலேயே பெரிய உண்மை அவன் கையில் கிடைத்துவிட்டது. அதை வெளியே ஒரு ஈ காக்கையிடம்கூடச் சொல்ல முடியாது. இந்த அநியாயத்தை நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீ மூக்கு வழியாக வந்தது. கிளெம் அவன் முதுகில் அறைந்தான். பதினைந்து வருஷப் பாக்கியையும் சேர்த்துத்தான் அறைந்திருப்பான்.

கடைசியில் அவன் முறை. எல்லோரும் திரும்பினார்கள்.

"என் பேரு நெவ்" என்றான். அதுவரை சுலபம். அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மற்றவர்கள் அதை 'இன்றைக்கு வெயில்' என்பது போலச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு மட்டும் உதடு பிரியவில்லை. "நான்... கூரைக் குழாய் பாக்க வந்தேன்."

"வா நெவ்" என்றார்கள் ஏழு பேரும். ஒருத்தரும் வற்புறுத்தவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தபோது வெயில் இன்னும் சுள்ளென்று இருந்தது. நெவ்வுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் ஒன்றாகவே ஓடைப்பக்கம் இறங்கினார்கள். ஒன்றாகவே வேலியைத் தாண்டினார்கள். நோஸ்கே மிஸ் எழுபது வயதில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைவிட லாவகமாகத் தாண்டினார். எங்கே போகிறார்கள் இவர்கள் என்று நெவ் யோசித்துக்கொண்டே வந்தான். பார்த்தால் எல்லோரும் லென் பாஸ்கோவின் பக்கவாட்டு முற்றத்தில் வந்து நிற்கிறார்கள். மிஸ்ஸின் பழுப்புக் கார், கிளெம்மின் லாரி, வரிசையாக எட்டு வண்டி. வந்தபோது பதற்றத்தில் அவன் எதையும் கவனித்திருக்கவில்லை.

"நீங்களுமா?" என்றான்.

"பின்ன? கூடத்துக்கு முன்னாடி நிறுத்தினா மானம் போயிடுமே" என்றான் கிளெம்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முற்றம் நிறைய வண்டி நிற்கிறது, உள்ளே மூன்று பேர்தான் குடிக்கிறார்கள், இது என்ன மாயம் என்று லென் வருஷக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தான். எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் நெவ் தன் வண்டித் தட்டைப் பார்த்தான். பிஷப் இல்லை. அடுத்த நொடி, திறந்திருந்த பார் ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. நெவ் ஜன்னலோரம் குனிந்தான்.

டல்சி பாரின் முன்கூடத்துக்குள் நின்றாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கூடத்துக்குள் காலடி வைப்பதில்லை. எவ்வளவு கோபமானாலும் தொலைபேசியில்தான். அதற்கு லென் சொல்கிற பதிலும் என்றைக்கும் ஒன்றுதான்.

"அவன் இங்க இல்ல டல்சி" என்று லென் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இருவது வருஷமா இதையேதான் சொல்றே. நீ சொல்றப்ப பின்னாடி அவன் சிரிக்கற சத்தம் கேக்கும்."

"அப்பல்லாம் பொய்தான், ஒத்துக்கறேன். இன்னைக்கு நெசமா இல்ல."

"வண்டி உன் முற்றத்துல நிக்குது."

"நிக்குது."

"நாய் உன் ஸ்டூலுக்கடியில படுத்திருக்குது."

லென் குனிந்து பார்த்தான். பிஷப் வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் படுத்து வாலை ஆட்டியது. பழக்கதோஷம்.

"படுத்திருக்குது" என்றான் லென் பரிதாபமாக. "அது தானா வந்துச்சு."

இந்த இடத்தில் குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் நண்பனுக்கு உதவி செய்யப் புறப்பட்டார்கள். "இப்பதான் கெளம்பினான்மா" என்றான் ஒருத்தன். "இன்னைக்கு இந்தப் பக்கமே வரலியே" என்றான் அதே நேரத்தில் இன்னொருத்தன். "உரக்கடை வரைக்கும் போயிருக்கான்" என்றான் மூன்றாமவன். எல்லாம் ஒரே மூச்சில். லென் தலையில் கை வைத்துக்கொண்டான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருந்தான், அதையும் கெடுத்துவிட்டார்கள் பாவிகள்.

டல்சி பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஆண்கள் கழிப்பறைக் கதவை உதைத்துத் திறந்தாள். கோபமாகத்தான் செய்தாள், ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்த நெவ்வுக்கு அவள் உதடு துடிப்பது தெரிந்தது.

"ஓடையோட ஓடிப் போயிடு" என்று கிளெம் அவன் காதில் கிசுகிசுத்தான். "அவ வர்றதுக்குள்ள வீட்டுல போய் உக்காந்துக்கோ."

நல்ல யோசனைதான். இருபது வருஷமாக நெவ் செய்துவந்ததும் அதைத்தான். ஆனால் அவள் இன்றைக்கு வீட்டுக்கு வருவது பெட்டி கட்டுவதற்காக. அது அவனுக்கு உறைத்தது. உள்ளே போனான்.

"இதோ வந்துட்டான்" என்றான் லென், உயிர் வந்தவனாக. "நான் சொல்லல? வெளியிலேர்ந்துதான் வர்றான் பாரு."

"எங்க இருந்தே?" என்றாள் டல்சி.

மாதர் சங்கக் கூடம் என்று சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அங்கே யார் யார் போகிறார்கள் என்று ஊரே தோண்டித் துருவ ஆரம்பித்துவிடும். ஏழு பேரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவனிடம் சொல்வதற்கு மிச்சம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அரை மணிக்கு முன்னால் வராத வார்த்தை.

"டல்ஸ், நான் குடிகாரன்."

"நாங்க மட்டும் என்ன பாதிரியாரா?" என்று சிரித்தான் ஒருத்தன்.

"இல்லடா. வெளையாட்டுக்குச் சொல்லல. என்னால நிறுத்த முடியல. கொட்டகையில ஒளிச்சு வச்சுக் குடிக்கறேன். காலைல கை நடுங்குது, மேல ஏற பயமா இருக்கு." நெவ்வுக்குக் குரல் உடைந்துவிட்டது. "லினெட் அங்க நின்னுட்டு இருந்தா. நான் வேற எவளோ ஒருத்தி கையில சாவியக் குடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு இதுக்குன்னு இருக்கற ஒரு எடத்துக்குப் போயிருந்தேன் டல்ஸ். எங்கன்னு கேக்காத. யார் இருந்தாங்கன்னும் கேக்காத. என்னால சொல்ல முடியாது."

டல்சி கிட்டே வந்து அவன் வாயருகே முகர்ந்தாள்.

"பெப்பர்மின்ட்" என்றாள். "இருவது வருஷமா இதே வாசனதான். எங்கன்னு சொல்ல முடியாத எடம், யாருன்னு சொல்ல முடியாத ஆளுங்க. இதவிட நல்ல பொய்யெல்லாம் நீ சொல்லியிருக்கே நெவ்."

திரும்பி நடந்தாள். வாசலை அடைவதற்குள் கதவு வெளியிலிருந்து திறந்தது. நோஸ்கே மிஸ் உள்ளே வந்தார்.

பாரில் இருந்த மூன்று பேரும் விருட்டென்று எழுந்து நின்றார்கள். ஒருத்தன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். லென் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றினான். அவர் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"டல்சி" என்றார். "நானும் குடிகாரிதான். நிறுத்தி பதினோரு வருஷமாச்சு. அஞ்சு மணியிலேர்ந்து ஆறு மணிவரைக்கும் நெவில் என்கூட இருந்தான். டீயும் கேக்கும்தான் உள்ள போச்சு."

"மிஸ், நீங்களா?" என்றாள் டல்சி. அவளும் அவரிடம் படித்தவள்தான். ஆறாம் வகுப்பு.

"நான்தான். அங்க அவன் என்ன பேசினான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்னு சொல்றேன். இப்ப அவன் சொன்ன வார்த்தைய அவன் வாயால நான் கேக்கறது இதுதான் மொத தடவை. ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டேன். உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கான்."

டல்சி அவரைப் பார்த்தாள், நெவ்வைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிளெம் குனிந்தபடியே லாரியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எழுபத்திநாலு கோல் வெளியே வந்தால் இந்த ஊர் அவனைத் தோலுரித்துத் தொங்கவிட்டுவிடும்.

"தண்ணி குடு லென்" என்றான் நெவ்.

லென் பழக்கத்தில் பீர்க் குழாயைப் பிடித்தான். மிஸ் இருமினார். "டீ போடறேன், டீ போடறேன்" என்று மாடியில் பெண்டாட்டியின் அடுக்களைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினான். இருபது வருஷத்தில் அவன் அவ்வளவு வேகமாக எதையும் பரிமாறியதில்லை.

டீ வந்தது. டல்சி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நெவ்வால் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரிப்புதான் முதலில் வெளியே வந்தது, வந்ததும் நிற்கவில்லை. லென்னின் பரிதாபமான முகத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் வந்தது. நாய் தானா வந்துச்சாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நெவ்வும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மூன்று பேரும் நின்றபடியே, சிரிக்கலாமா என்று மிஸ்ஸைப் பார்த்தார்கள். உட்காரலாம் என்று அவர் கையைக் காட்டினார்.

"காலையிலேர்ந்து குடிக்கலியா?" என்றாள் டல்சி, சிரிப்பு ஓய்ந்ததும்.

"இல்ல."

"நாளைக்கு?"

நெவ் சத்தியம் பண்ண வாயெடுத்தான். எடுத்துவிட்டு நிறுத்தினான்.

"தெரியல டல்ஸ்" என்றான். "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்."

டல்சி கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள். எழுந்து, அவன் சட்டைப்பையில் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "நானும் இன்னைக்குப் போகல. நாளைக்கு எப்படின்னு நாளைக்குக் காலைல கேளு."